ஏணிச் சின்னமும் எழுதாத பெயரும்

1951 அக்டோபர் 14, ஞாயிறு

வடகரைப்புதூர் தொகுதியில் சட்டசபைக்கு நிற்பது என்று இன்று காலை பத்தரை மணிக்கு முடிவு செய்தேன். பத்தே முக்காலுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் முடிவு செய்த இடம் சவரக்கடை. பாதிக் கன்னத்தில் நுரையோடு எழுந்து நின்று, "நான் நிற்கிறேன்" என்றேன். "உக்காருங்க சார், கத்தி பட்டுரும்" என்றார் கடைக்காரர். அரசியலில் எனக்கு வந்த முதல் எதிர்ப்பு அது.

பதினேழு வருடமாக முன்சீப் கோர்ட்டில் அடுத்தவன் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் வாதாடியவன் நான். இனி நாட்டுக்காக வாதாடப் போகிறேன். எதிராளி இரட்டைக்குளம் பண்ணையார் சிவனணைந்தபெருமாள். ஆள் பெரிய மனிதர்தான், ஆனால் பேசத் தெரியாது. எனக்குப் பேச மட்டுமே தெரியும்.

வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சுளகைக் கீழே வைத்தாள்.

"பொம்பளையளுக்கும் ஓட்டு உண்டாமே?"

"இருபத்தோரு வயசு ஆனவங்க எல்லாருக்கும் உண்டு."

"அப்ப எனக்கும் உண்டு."

"உனக்கு இல்லாமலா?"

"பொம்பளையள்ல மொத ஓட்டு நாந்தான் போடுவேன். எனக்கு முன்னால ஒருத்தி போடக்கூடாது, பாத்துக்கிடுங்க."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். வேட்பாளனாக நான் கொடுத்த முதல் வாக்குறுதி இதுதான். சுலபமானதாக இருப்பதில் ரொம்ப சந்தோஷம்.

நவம்பர் 4, ஞாயிறு

சந்தைத் திடலில் முதல் கூட்டம். எண்ணூறு பேர் இருக்கும். மாலை விழுந்த வேகத்தில் தலை கிறுகிறுத்து, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டேன். போகட்டும், மரியாதைதானே.

கோர்ட்டில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர்த்தரப்பு வாதத்தை முதலில் அவர்களைவிட நன்றாக நானே சொல்லிவிடுவேன். பிறகு 'ஆனால்' என்று ஒரு போடு போட்டு உடைப்பேன். அதையே இங்கும் செய்தேன். பண்ணையார் குளம் தூர் வாரியது, பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய்ந்தது, காலரா வந்தபோது கஞ்சி ஊற்றியது என்று அரை மணி நேரம் அடுக்கினேன். கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. "ஆனால்" என்று நான் கையை உயர்த்திய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள்.

என் குமாஸ்தா திரவியம் குடையோடு வந்தார். "பண்ணையாரைப் பத்தி இம்புட்டு நல்லா யாரும் பேசுனதில்லன்னு சனங்க சொல்லுதாவ அய்யா" என்றார்.

வீட்டுக்கு வந்தால் பண்ணையார் வாழைத்தார் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த கூட்டத்துல 'ஆனால்'ல இருந்து ஆரம்பிங்க."

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான்.

நவம்பர் 19, திங்கள்

வாக்காளர் பட்டியல் அச்சாகி வந்தது. நம் தெரு ஒன்பதாம் பக்கம். பார்த்தேன். அச்சு தெளிவாக இருக்கிறது. இன்று அவியலில் தேங்காய் கூடிவிட்டது போலிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 20, செவ்வாய்

அவியலில் தேங்காய் சரியாகத்தான் இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பதினாலாம் நம்பர் வீட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது. வீட்டுக்காரி இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். பட்டியலுக்குக் கணக்கெடுப்பவர் வந்த அன்று, வழக்கு விஷயமாக நான்கு கட்சிக்காரர்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "சம்சாரம் பேரு என்ன சார்?" என்றார். அத்தனை ஆண்களுக்கு நடுவில் மனைவி பெயரை எப்படிச் சொல்வது? "குற்றாலலிங்கம் பிள்ளை மனைவி என்று போடும், ஊருக்கே தெரியும்" என்றேன். ஊருக்குத் தெரியும், டெல்லிக்குத் தெரியவில்லை. சொந்தப் பெயர் சொல்லாத பெண்களை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட உத்தரவாகிவிட்டது. ஆட்சேபணை கொடுக்க ஒரு தவணை இருந்தது. அந்த நோட்டீஸ் என் மேஜையில்தான் கிடந்தது, என் பிரசங்கக் குறிப்புகளுக்கு அடியில்.

செக்குக்காரத் தெருவில் எல்லாப் பெண்களும் பெயரோடு இருக்கிறார்கள். படித்தவன் வீடுதான் இப்படி.

மத்தியானமே சொல்லிவிடலாம் என்று உள்ளே போனேன். ஓட்டுப் போடும் அன்று உடுத்தச் சுங்குடிச் சேலை எடுத்திருக்கிறாள், மாம்பழ மஞ்சள். "எப்படி இருக்கு?" என்று தோளில் போட்டுக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். நாளை சொல்லிவிடுவேன்.

டிசம்பர் 3, திங்கள்

எனக்கு ஏணிச் சின்னம் ஒதுக்கியிருக்கிறார்கள். பண்ணையாருக்கு வண்டி. ஆளுக்கொரு ஓட்டுப் பெட்டி, பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறார்களோ அவருக்கு ஓட்டு.

நிஜ ஏணி ஒன்றையே தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனோம். பதினாறு அடி. தேரடி முக்கில் திரும்ப மாட்டேன் என்றது. முன்னால் போனவர்கள் ஒரு தெருவிலும் பின்னால் வந்தவர்கள் இன்னொரு தெருவிலுமாகக் கால்மணி நேரம் கோஷம் போட்டார்கள். ஏணியைப் பார்த்ததும் ஒரு வீட்டில் பரண்மேல் இருக்கும் அண்டாவை இறக்கித் தரச் சொன்னார்கள். திரவியம் ஏறி இறக்கிக் கொடுத்தார். ஐந்து ஓட்டு நிச்சயம் என்கிறார்.

இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 10, திங்கள்

அவள் பெயரைச் சேர்க்கக் கேட்டு ரகசியமாக மனுப் போட்டிருந்தேன். பதில் வந்துவிட்டது: காலம் கடந்துவிட்டதால் தள்ளுபடி.

காலம் கடந்துவிட்டது என்று சொல்லி நான் தோற்கடித்த மனுக்கள் நூறாவது இருக்கும். அந்த வார்த்தைகள் இவ்வளவு கசக்கும் என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

டிசம்பர் 16, ஞாயிறு

பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று போன வாரம் புலம்பினேன். "அவுக எதுக்கு வரணும்? நான் போறேன்" என்று வீட்டுக்காரி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஏழு நாளில் பதினோரு தெரு.

இதில் வேடிக்கை, அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். கட்டின நாளிலிருந்து சொன்னதில்லை. பெயர் மட்டுமல்ல, பக்கத்திலிருக்கும் குற்றாலத்தைக்கூட 'அருவிக்கரை' என்றுதான் சொல்வாள். வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் ஓட்டுக் கேட்பது எப்படி? திரவியம் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நடித்துக் காட்டினார்.

"எங்க வீட்டுல நிக்காவ. ஏணிப் பெட்டியில போடுங்க."

"யாரு நிக்கா?"

"அதான், எங்க வீட்டுல."

"அவுக பேரு?"

"உங்க வீட்டுக்காரரு பேரை நீங்க சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரு பேரை நான் சொல்லுதேன்."

அதோடு இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். பிறகு காப்பி வருமாம். கிளம்புவதற்குள் அந்த வீட்டு மருமகளின் தலைப்பிரசவம் முதல் மாமியாரின் முழங்கால் வலி வரை எல்லாம் இவளுக்குத் தெரிந்துவிடுமாம். புருஷன் பெயரைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொள்வாளாம்.

எல்லா வீட்டிலும் கடைசியாக ஒன்று சொல்கிறாளாம்: "விடியமுன்ன வந்துருங்க. மொத ஓட்டு எனக்கு, ரெண்டாவது உங்களுக்கு."

இதைத் திரவியம் சொன்னபோது எனக்குப் புரையேறியது.

டிசம்பர் 27, வியாழன்

இன்று மூன்று விதமாக முயன்றேன். தூத்துக்குடியில் உன் அண்ணன் வீட்டுக்கு ஒரு வாரம் போய்வாயேன் என்றேன். "ஓட்டுப் போட்டுட்டுப் போறேன்" என்றாள். வாக்குப்பதிவு அன்று உன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்றேன். "உங்களுக்கு எப்பமிருந்து சோசியம் தெரியும்?" என்றாள். கடைசியில் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு, "உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "சொல்லுங்க" என்று அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணை நேராகப் பார்த்தாள்.

ரசம் அபாரமாக இருந்தது என்றேன்.

1952 ஜனவரி 10, வியாழன்

நாளை வாக்குப்பதிவு. சேலையை மடித்து வைத்திருக்கிறாள். கூட்டங்கள் எல்லாம் பிரமாதம், 'ஆனால்' என்று ஆரம்பித்தாலே கைதட்டுகிறார்கள். கடவுளே, நாளை மழை பெய்யட்டும்.

ஜனவரி 11, வெள்ளி

மழை பெய்யவில்லை.

ஆறரை மணிக்கே பெண்கள் சாவடியில் முதல் ஆளாக நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஆற்றுப்பாலம் வரை போனது. நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். மரம் என்னைவிட ஒல்லி.

சாவடி அதிகாரி பட்டியலில் பென்சிலை ஓட்டினார். "பதினாலாம் நம்பர் வீட்டுல ஒரு பேருதாம்மா இருக்கு." அவள் பட்டியலை வாங்கித் தானே வாசித்தாள். ஐந்தாவது வரை படித்தவள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. பிறகு திரும்பி, மரத்தைப் பார்த்து நேராக நடந்து வந்தாள்.

"எம் பேரு எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தது, நான் கூசியது, மனு தள்ளுபடி ஆனது.

"எம்புட்டு நாளாத் தெரியும்?"

"ஐம்பத்து மூணு நாள்."

எண்ணிக்கையை மட்டும் சரியாகச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடப் படியில் போய் உட்கார்ந்தாள். மாம்பழ மஞ்சளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போகலாம் என்றும் இருந்தது.

அதற்குள் உள்ளே வேறு ரகளை. அடுத்து நின்ற பெண்ணிடம் அதிகாரி, "புருஷன் பேரு?" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவளும் பொத்திக்கொண்டாள். பெயரைச் சொல்லாவிட்டால் ஆள் யாரென்று எப்படித் தெரியும் என்று பண்ணையாரின் ஏஜெண்ட் ஆட்சேபித்தார். ஏழரை மணிக்குள் நாற்பது பேர் ஒதுங்கி நின்றார்கள். பின்னால் நின்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போய்ப் பிரிவு பிரிவாகச் சட்டம் பேசினேன்.

"சட்டம் இருக்கட்டும் சார். இவங்களைத் தெரிஞ்சவங்க யாராவது சொன்னாப் போதும். உங்க ஏஜெண்ட் சொல்லட்டும்" என்றார் அதிகாரி. என் ஏஜெண்ட் திரவியம். வழக்கு நம்பர் ஆயிரம் மனப்பாடம், ஒரு பெண்ணின் முகமும் தெரியாது.

"நான் சொல்லுதேன்" என்று வாசலில் ஒரு குரல். அவள்தான்.

"இந்தம்மாவுக்கு ஓட்டே இல்லையே" என்றார் பண்ணையாரின் ஏஜெண்ட்.

பதினேழு வருட வக்கீல் தொழிலில் எனக்கு மின்னல் மாதிரி ஒன்று தோன்றியது இன்றைக்குத்தான். "ஏஜெண்டுக்கு ஓட்டு இருக்க வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது?" என்று கேட்டேன். அதிகாரி தம் கைப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினார். எங்கும் இல்லை. திரவியத்தை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுப் புது ஏஜெண்ட் நியமனப் பாரத்தை நிரப்பினேன். 'ஏஜெண்டின் பெயர்' என்ற இடத்தில் பேனா நின்றது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உலகம்மாள் என்று எழுதினேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்தப் பெயரை நான் எழுதியது இதுதான் முதல் தடவை.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இது இசக்கியம்மா. வீட்டுக்காரரு பேரு சுடலைமுத்து, செக்கு ஆட்டுதாரு. மூணு பிள்ளை. மூத்தவ பிரசவத்துக்கு வந்திருக்கா."

"பேரு மட்டும் போதும்மா" என்றார் அதிகாரி.

"மூக்குத்தி புதுசு, அதைச் சொல்லல" என்று வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுக்க, சாவடியே சிரித்தது. திரும்பிப் போனவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு மறுபடியும் வந்தார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் உலகம்மாள் மாட்டிக்கொண்டாள். வந்து நின்றவளின் புருஷன் பெயரும் குற்றாலலிங்கம். "இவுக வீட்டுக்காரரு பேரும் எங்க வீட்டுல உள்ளவுக பேரும் ஒண்ணு" என்றாள்.

"அது என்ன பேரு?"

சுவரில் ஒட்டியிருந்த வேட்பாளர் நோட்டீஸைப் பென்சிலால் காட்டினாள். அதிகாரி எழுந்து போய் வாசித்துவிட்டு வந்து குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணி வரை எழுந்திருக்கவில்லை. வண்டிக்குப் போடுகிறவர்கள் என்று ஊருக்கே தெரிந்த பண்ணையார் தெருப் பெண்களுக்கும் அவள்தான் பெயர் சொன்னாள். மூன்று மணிக்குப் பண்ணையாரின் ஏஜெண்டே நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். மொத்தம் இருநூற்று அறுபத்து நான்கு பெண்கள் அவள் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். அவள் மட்டும் போடவில்லை.

ஜனவரி 12, சனி

பேசவில்லை.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். பால் பொங்கியது, அவள் என்னோடு பேசவில்லை. தகவல் எல்லாம் திரவியம் வழியாக. "திரவியம், பொங்கல் ஆறுதுன்னு உங்க அய்யாகிட்ட சொல்லும்." நான் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். பண்டிகை நாளும் அதுவுமாக வந்து நின்ற திரவியம், "எனக்குக் கோர்ட்டே தேவல அய்யா" என்கிறார்.

ஜனவரி 18, வெள்ளி

ஜெயித்துவிட்டேன். நூற்றுப் பதினெட்டு ஓட்டு வித்தியாசம்.

என் பெட்டியைத் திறந்தபோது சீட்டுகளோடு செவ்வந்திப் பூ, குங்குமப் பொட்டலம், மகனுக்குச் சீக்கிரம் பெண் அமைய வேண்டும் என்று ஒரு வேண்டுதல் சீட்டு எல்லாம் இருந்தன. தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். மேளம், வேட்டு, மாலை. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் 118. இன்னொரு பக்கம் 264. எப்படிக் கழித்தாலும், அவள் இல்லாமல் சட்டசபைக்குப் போகிறவன் நான் இல்லை.

காகிதத்தைத் திரவியம் மூலம் உள்ளே அனுப்பினேன். பதில் வந்தது: "மாலையெல்லாம் மாட்டுக்குப் போடச் சொல்லும்." சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம், தோள் குலுங்கியதாம். சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய், சென்னை

சபையில் இன்று பேசினேன். "கனம் கோர்ட்டார் அவர்களே" என்றுதான் ஆரம்பித்தேன். சபை சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். சொந்தப் பெயர் சொல்லாததால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பெண்களைப் பற்றிப் பேச்சு. இந்த முறை எதிர்த்தரப்பு வாதத்தை எடுக்கவில்லை, ஏனென்றால் எதிர்த்தரப்பு நானே. "ஒரு படித்த வக்கீல், நான்கு பேர் பார்க்கிறார்களே என்று கூசி மனைவி பெயரைச் சொல்லவில்லை. அவளுக்கு ஓட்டு இல்லாமல் போயிற்று. அவளால்தான் அவனுக்குப் பதவி வந்தது" என்றேன்.

"அந்த வக்கீல் பெயரைச் சொல்லலாமா?" என்று ஓர் உறுப்பினர் குறுக்கிட்டார்.

"அவர் பெயர் முக்கியமில்லை. மனைவி பெயர் உலகம்மாள். அதைக் குறித்துக்கொண்டால் போதும்" என்றேன்.

சபைக் குறிப்பில் அச்சாகும் என்றார்கள். அச்சானதும் ஒரு பிரதி தபாலில் அனுப்ப வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய், சென்னை

ஊரிலிருந்து கார்டு. ஆறு மாதத்தில் அவளிடமிருந்து நேராக எனக்கு வந்த முதல் வார்த்தைகள். "புஸ்தகம் வந்தது. எம் பேரு இருக்கு. உப்புத்தண்ணிக்கு முடி கொட்டும், சீயக்காய் அனுப்பியிருக்கேன்." நாற்பது தடவை வாசித்தேன். ஹாஸ்டல் சமையல்காரரிடமும் வாசித்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, வடகரைப்புதூர்

காலையில் கணக்கெடுப்பவர் வந்தார். பட்டியலைத் திருத்துகிறார்களாம். என் முன்னால் இப்போது நாலு பேர் இல்லை, பதினோரு பேர் மனுக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். "சம்சாரம் பேரு..." என்று அவர் இழுப்பதற்குள் எழுந்து நின்று, "உலகம்மாள்" என்றேன். எதிர் வீட்டு மாடு திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

உள்ளே தாளிக்கிற சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்கதானாம்மா? வயசு?"

"முப்பத்தேழு."

"கணவர் பேரு?"

இருபது வருடம் கழித்து, என் பெயரைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். உலகம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்தா வாசல் பலகையில பெருசா எழுதிப் போட்டிருக்கு. போறப்ப வாசிச்சுக்கிடும்."

பதினோரு பேரும் சிரித்தார்கள். எல்லோரும் போன பிறகு, திரவியம் பக்கத்திலேயே இருந்தும், அவரைக் கூப்பிடாமல் என்னிடமே கேட்டாள்.

"அடுத்த எலக்சன் எப்ப?"

"இன்னும் அஞ்சு வருஷம் ஆகும்."

"அந்த ஏணியைப் பத்திரமா வச்சிருங்க. அப்ப நான் நிக்கேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன். "என் பேரைச் சொல்லாம நீ எப்படி ஓட்டுக் கேப்ப?"

"உங்க பேரு எதுக்கு? எம் பேரைச் சொன்னாப் போதாதா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தாளிக்கிற சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. நேற்றுத்தான் முகம் மழித்தேன். பரவாயில்லை. நாளைக் காலை பத்தரை மணிக்குச் சவரக்கடைக்குப் போகிறேன். பத்தே முக்காலுக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.